விளம்பரப் பலகையில் என் கால்கள்

காரைக்குடியில் பேருந்து நிலையத்தை நோக்கிச் செல்லும் சாலை ஓரிடத்தில் இடப்புறமாக வளைகிறது. அந்த வளைவில், ஒரு வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே, என்னுடைய உருவம் ஒன்பது மாதம் தொங்கியது. காவி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, கையில் கோலுடன், வெறுங்காலோடு நான் நடந்துகொண்டிருந்தேன். அந்தப் படம் எடுக்கப்பட்ட இடம் நத்தத்துக்கு அருகிலுள்ள தார்ச்சாலை. பலகையைச் செய்தவர்கள் சாலையையும் எனக்குப் பின்னால் வந்த லாரியையும் அழித்துவிட்டு, நான் கண்டிராத ஒரு கடற்கரையை அங்கே வைத்துவிட்டார்கள். பழனிக்கு நடந்த நான் பலகையில் கடலை நோக்கி நடந்தேன். அருகில் என் உயரத்துக்கு ஒரு மாத்திரைக் குப்பி நின்றது. மேலே பெரிய எழுத்தில், "வயது எழுபது. மூட்டுவலி இல்லை. மூச்சுவாங்கல் இல்லை. இரகசியம்: ஒமேகா" என்று எழுதியிருந்தது.

அந்த இரகசியத்தை நான் ஒருநாளும் விழுங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டியவரிடம் இதைச் சொல்லாததனால் நேர்ந்ததையே இங்கு எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாற்பது ஆண்டுகள் ஒரு ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை பார்த்தேன். வாரத்தில் ஒருநாள் கிடைத்த ஓய்வை நூலகத்தில் கழித்தேன். தமிழை அங்கேதான் முறையாகக் கற்றேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அங்கேதான் பழகினேன். தெருவில் உள்ளவர்கள் வங்கியிலிருந்து வரும் கடிதத்தையும் மருத்துவமனைச் சீட்டையும் என்னிடம் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அதனால் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. நான் சேர்த்தது அது ஒன்றுதான்.

கால்களை நான் சேர்க்கவில்லை; அவை வாய்த்தன. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறேன். குன்றக்குடியில் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நகரத்தார் காவடியோடு போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக வேனில் வரத் தொடங்கிய பிறகும் நான் நடந்தேன். காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. காரணம் தெரியாத ஒன்றுக்கு என் மகன் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் குப்பியில் ஒட்டினான்.

என் மகன் ஏமாற்றுக்காரன் அல்லன். சென்னையில் வேலை போன பின் ஊருக்குத் திரும்பினான். இங்கே தெருவுக்குத் தெரு ஜிம் முளைத்திருந்தது. கல்லூரி மைதானத்தில் விடியற்காலையில் ஆண்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று புரோட்டீன் பவுடரும் ஒமேகா மாத்திரையும் விற்கும் ஒரு கடையைத் திறந்தான். அவனும் ஓடுகிறவன், அந்த மாத்திரையை அவனும் விழுங்குகிறவன். கடை முதல் ஆண்டு ஈயாடியது. ஓடுகிற இளைஞர்கள் கைப்பேசியிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஓடுறவனுக்குத்தானே இது, ஒக்காந்திருக்கவனுக்கு எதுக்கு?" என்று போய்விட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்களையும் உள்ளே இழுக்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் வீட்டிலேயே இருந்தார்.

அவன் கொண்டுவந்த முதற்குப்பியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒமேகா என்பது ஒருவகைக் கொழுப்பு, உடலுக்கு வேண்டியது, உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாதது. மீனில் உண்டு, ஆளிவிதையில் உண்டு, அக்ரூட்டில் உண்டு. ஓடிக் களைத்தவர்களின் தசைவலியைக் குறைக்கும் என்று சிலர் உறுதியாகவும் சிலர் தயக்கத்தோடும் சொல்கிறார்கள். இவ்வளவும் நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தவை. அந்தப் பண்டத்தின் மேல் எனக்கு இன்றும் பகையில்லை. ஆனால் குப்பியின் பின்புறத்தில், எறும்பின் கால் அளவுக்கு ஓர் ஆங்கில வரி இருந்தது. எழுத்துக்கூட்டினேன். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்பது அதன் பொருள். அதைப் படித்துவிட்டுக் குப்பியை அலமாரியில் வைத்தேன். ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள இயலாது.

அந்த ஐப்பசியில் எனக்கு எழுபது நிறைந்தது. எழுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் விமரிசையாகச் செய்வார்கள். எங்கள் குலக்கோவிலான இளையாத்தங்குடிக் கோவிலில் முதற்பத்திரிகையை வைத்து வணங்கிவிட்டு ஊரை அழைத்தோம். கலச நீரால் என்னையும் என் மனைவியையும் நீராட்டி, புது வேட்டி புடவை உடுத்தி, மாலை சூட்டி அமர்த்துவார்கள். பிறகு வந்தவர்கள் வரிசையாக விழுந்து வணங்குவார்கள். நாங்கள் திருநீறு இட்டு, கையில் ஒரு பொருளைக் கொடுப்போம். அன்று அந்த இருவர் கையிலிருந்து வருவது எதுவாயினும் அதை யாரும் பொருளாக எண்ணுவதில்லை. ஆசியாக எண்ணிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாமி அலமாரியில் வைப்பார்கள்.

கொடுப்பதற்கு எவர்சில்வர் சம்புடம் வாங்கலாம் என்றேன். மகன் சிரித்தான்.

"அப்பச்சி, சம்புடம் எல்லாரு வீட்டுலயும் மேலுக்கு மேல அடுக்கிக் கெடக்கு. ஆயுசு விருத்திக்குத்தானே இந்தக் கல்யாணமே? ஆயுசையே டப்பாவுல போட்டுக் குடுப்போம்."

"கல்யாணத்துல மாத்திரையா?" என்றார் என் மனைவி.

"மாத்திரையில்ல ஆத்தா, சத்து. சும்மா குடுக்குறோம். தீந்து போனா கடைக்கு வரப்போறாக."

அவன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவைக் கண்டேன். மறுக்க மனம் வரவில்லை. மறுக்காமல் விட்டவற்றில் இது முதலாவது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக என்னை முற்றத்து வெயிலில் நிறுத்தி ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தான். சிரித்தபடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். போட்டேன், சிரித்தேன், குடித்தேன். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்தேன். எழுபது வயதில், விளங்காத ஒன்றை விழுங்க உடல் இசையவில்லை. அவன் போன பின் கழுவுதொட்டிக்குச் சென்று துப்பினேன். அதற்குள் அது கரைந்து உடைந்திருந்தது. குளத்துப் பாசியின் நாற்றம் நாளெல்லாம் வாயில் நின்றது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "துப்புறதுக்கா அவ்வளவு சிரிச்சீக?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கல்யாணத்தன்று குப்பிகளைத் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தான். என் ஒன்றுவிட்ட தமக்கை, எண்பதைத் தாண்டியவர், ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, இது மீனெண்ணெய்தானே? சாமி காரியத்துல மீனையா வைப்பே?"

"மீனு இல்ல அயித்தை. பாசி. கடல்ல மீனு திங்கிற பாசி. மீனுக்கே இந்தச் சத்து அதுலருந்துதான் வருது. மேல் தோலும் செடியிலருந்து எடுத்தது. சுத்த சைவம்."

"அப்ப, மீனுக்குப் போட்ட எலையில மிச்சத்தை எங்களுக்குப் பரிமாறுறே."

எல்லாரும் சிரித்தார்கள். தமக்கையும் சிரித்துக்கொண்டே குப்பியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பில் இரண்டு சொற்கள் ஊரில் நிலைத்துவிட்டன: சுத்த சைவம்.

பிறகு அவன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். "எங்க அப்பச்சி முப்பத்தஞ்சு வருசமா பழனிக்கு நடக்குறாக. எழுபது வயசுலயும் வேனுல ஏறுனதில்ல. காரணம் என்னன்னு எல்லாரும் கேக்குறீக. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவ்வளவுதான்."

மாலை என் முகவாய் வரை இருந்தது. நான் பேச எண்ணியிருந்தாலும் அதை விலக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். அப்போதுதான் மறுபடியும் தாலி கட்டி முடித்திருந்தோம். எதிரே முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஒரே மகன் ஒலிபெருக்கியோடு நிற்கிறான். அந்த இடத்தில் அவனைப் பொய்யன் ஆக்குவது தகப்பனுக்கு அழகன்று என்று எண்ணினேன். அவனைப் பொய்யன் ஆக்காமல் இருக்க நான் பொய்யன் ஆனேன் என்பது அப்போது விளங்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவருக்கும் திருநீறு இட்டு, குப்பியைக் கையில் கொடுத்தேன்.

அவர்களுள் ஒருவர் என் நண்பர். அடுத்த தெருவில் குடியிருப்பவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழனிக்கு என்னோடு நடந்து வருகிறார். நடையில் யாராவது தளர்ந்தால், "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடமிருக்கு" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டால் கால் கொப்புளம் மறந்துபோகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் அவர் இதயத்தில் ஸ்டென்ட் என்கிற சிறு குழாய் வைத்தார்கள். மருந்தை ஒருநாளும் விடக்கூடாது, விடாதவரை நடக்கலாம் என்பது மருத்துவர் இட்ட விதி. இது எனக்குத் தெரியும்; அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னவனே நான்.

அவர் என் காலில் விழுந்து எழுந்து, குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணே, இம்புட்டு நாளா இதைச் சொல்லாம மறைச்சிட்டீகளே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் திருநீற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் அவர் விரத மாலை அணிந்தார். அவருக்கு மருத்துவர் கொடுத்திருந்த மருந்தும் கூடு போட்ட மாத்திரைதான். கல்யாணத்தில் மீன், சைவம் என்று பேச்சு எழுந்த பிறகு, அதன் கூடு எதனால் ஆனது என்று மருந்துக்கடையில் விசாரித்திருக்கிறார். மாட்டுத்தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுக்கும் பசையாக இருக்கும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் மாலையோடு அதை விழுங்குவது அவருக்குப் பாவமாகப் பட்டது. என் கையால் வாங்கிய குப்பியோ சுத்த சைவம். இதயத்துக்கு நல்லது என்று அதன் அட்டையிலும் படம் போட்டிருந்தது. விரதம் முடியும்வரை அதை நிறுத்தி இதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்.

இந்தச் செய்தியை அவருடைய மனைவிதான் எனக்குக் கொண்டுவந்தார். அப்போது நான் மகனின் கடை வாயிலில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். என்னைக் கண்டால் ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்று அவன் சொன்னதால், காலை வேளையில் அங்கே அமர்வதை ஒரு வழக்கமாக்கியிருந்தேன். ஜிம்முக்குப் போகும் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "அய்யா, கெண்டைக்காலைத் தொட்டுப் பாக்கலாமா?" என்று அனுமதி கேட்டு, சந்தையில் காளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குடா" என்று தோழரிடம் சொன்னார். அந்த நேரத்தில்தான் நண்பரின் மனைவி மஞ்சள் பையோடு வந்தார். பையில் மருத்துவரின் மாத்திரை அட்டையும் இருந்தது, எங்கள் குப்பியும் இருந்தது. இரண்டையும் வெளியே எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இவுக டாக்டர் குடுத்ததை நிறுத்திட்டாக. மாலை போட்டுக்கிட்டு மாட்டுத்தோலைத் திங்க மாட்டேங்குறாக. அண்ணன் கையால வாங்குனது இருக்கு, அதுவே போதும்ங்குறாக. எனக்குப் பயமா இருக்கு. நெசமாவே நீங்க இதைச் சாப்பிட்டுத்தான் நடக்குறீகளா? நீங்க ஆமான்னு சொல்லிட்டா நான் அவுகளோட மல்லுக்கட்டல."

இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வியை ஒருவர் கேட்க இயலாது. கெண்டைக்காலைத் தொட்டவரின் கையில் இரண்டு குப்பிகள் இருந்தன. அவர் என் முகத்தைப் பார்த்தார். மகனும் பார்த்தான். அவன் கண்ணில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவன் மிரட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டதுண்டு. அந்த ஆறுதலும் பொய்யாக இருக்கலாம்.

தலையை அசைத்தேன். அதோடு நின்றிருந்தாலும் போதும். வாயையும் திறந்தேன்.

"நாப்பது நாள்தானே தங்கச்சி. ஒண்ணும் பண்ணாது."

"அப்பச் சரிண்ணே. படிச்சவுக சொன்னா எனக்கென்ன" என்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். வரும்போது இருந்த கவலை அவர் நடையில் இல்லை. ஜிம்காரர் குப்பிகளை வாங்கிக்கொண்டார். மகன் எனக்குத் தேநீர் வரவழைத்தான்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டேன். மறுநாள் காலையில்தான் போனேன். நண்பர் குளித்துத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். சாமி அலமாரியில் வேலுக்கும் விபூதிச் சம்புடத்துக்கும் நடுவே அந்தக் குப்பி இருந்தது. அதன் மூடிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு, இது வெறும் கடைச்சரக்கு, என் வாயில் இது இறங்கியதே இல்லை என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

"எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்று மட்டும் சொன்னேன்.

"டாக்டரா மாலை போட்டிருக்காரு?" என்றார் அவர்.

சிரித்தார். நானும் சிரித்தேன். நான் செய்த முயற்சி அவ்வளவே.

தை பிறந்து குன்றக்குடியில் புறப்பட்டோம். முதல் இரண்டு நாள் அவர் வழக்கம்போல் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் காலை, நத்தத்துக்குச் சற்று முன்பு, குரல் நின்றிருந்ததை உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். வெகு தொலைவில், சாலையோரத்துப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். ஓடிப் போனேன். பனிக்காலத்துக் காலையில் அவர் சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாப்பிங் வந்துருச்சு போலண்ணே" என்றார்.

அவருடைய பையைப் பிரித்து மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தேடினேன். துண்டு இருந்தது, திருநீறு இருந்தது, மாற்று வேட்டி இருந்தது, குப்பி இருந்தது. அவர் குப்பியைப் பார்த்து வாயைத் திறந்தார். "ஒங்க கையால குடுங்க" என்றார்.

கொடுத்தேன். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன பயன் என்று இருந்துவிட்டேன். அவர் அதை விழுங்கிவிட்டு, நம்பிக்கையோடு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் யாரோ ஆம்புலன்ஸை அழைத்திருந்தார்கள். திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு நான் பழனிக்குப் போகவில்லை.

உயிர் தப்பியது. இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை என்றார்கள். தெருமுனைக்கு மேல் நடக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்றார்கள். மதுரை மருத்துவர், வயதில் என் மகனைவிடவும் இளையவர், மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நண்பரின் மனைவி மஞ்சள் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் அதைத் திருப்பிப் பின்புறத்து வரியைப் படித்தார். அதைப் படிக்க அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"இது சத்துப் பொருள்மா. சாப்பாடு மாதிரி. மருந்துக்குப் பதிலா இதைச் சாப்பிடலாம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

நான் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லல. நாங்களாத்தான்" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் மகனிடம் பலகையை இறக்கச் சொன்னேன்.

"ஏன் அப்பச்சி? மருந்தை நிறுத்துங்கன்னு போர்டுல எழுதியிருக்கா?"

"இல்லை."

"மைக்குல சொன்னேனா?"

"இல்லை."

"நாப்பது நாள்ல ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னது யாரு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நானும் அங்கனதானே நின்னேன். நீங்க இல்லேன்னு சொல்லியிருந்தா நான் என்ன ஒங்களை அடிச்சிருப்பேனா?" என்றான். அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அவன் கண்ணின் கெஞ்சலை மட்டும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சாட்சிக்கு அழைக்க எனக்கும் வழியில்லை. பலகை இறங்கவில்லை. நான் கடை வாயிலில் உட்காருவதை நிறுத்தினேன். சுற்றிப் போனால் தூரம் என்றாலும், பேருந்து நிலையத்துக்கு வேறு சாலையில் போகத் தொடங்கினேன். கடைசியில் ஆடிக் காற்றுதான் பலகையைக் கிழித்தது. முகமும் கடற்கரையும் போய், கால்கள் மட்டும் சில நாள் ஆடிக்கொண்டிருந்தன என்று என் மனைவி வந்து சொன்னார்.

ஆவணியில் ஒருநாள் நண்பர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். மதுரையிலிருந்து வந்த பின் அவரை நான் இரண்டொரு முறைக்கு மேல் பார்க்கவில்லை; பார்த்தபோதும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தேன். முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். உடல் வற்றியிருந்தது. குரலில் மட்டும் பழைய ஆள் இருந்தார்.

"வாங்கண்ணே. உள்ள எடமிருக்கு" என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, காப்பி கொண்டாரேன்" என்று அடுக்களைக்குப் போனார்.

"எதுக்குக் கூப்பிட்டேன்னா, வர்ற மார்கழியில மாலை போடப் போறேன். நடக்க முடியாது, வேனுல வர்றேன். ஆனா விரதம் விரதம்தானே. இவ அந்த டப்பாவை எங்கயோ தூக்கி வீசிட்டா. எனக்கு இன்னொண்ணு வேணும். கடையில வாங்குனா அது சரக்கு. நீங்க கையால குடுத்தாத்தான் அது பிரசாதம்."

"அப்ப, டாக்டர் மருந்து?"

"மாலை கழுத்துல இருக்கவரைக்கும் அது எப்படி? போன தடவை மூணு நாளு நடந்தேன்ல. நடந்ததுதான் தப்பு. மாத்திரை மேல தப்பில்லை."

அவர் மனைவி காப்பித் தம்ளரோடு வாயிற்படியில் நின்றுவிட்டார். இம்முறை அங்கே என் மகன் இல்லை, குப்பி வாங்க நிற்பவர் இல்லை, என் கழுத்தில் கல்யாண மாலை இல்லை. தள்ளிப்போட ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

"நான் அதைச் சாப்பிட்டதே இல்லை" என்றேன். "ஒரு மாத்திரைகூட உள்ளே போனதில்லை. படம் பிடித்தபோது வாயில் வைத்து, பிறகு துப்பிவிட்டேன். என் காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டாக்டர் மருந்தை நீங்கள் விடக்கூடாது."

ஏனோ அதை எழுத்துத் தமிழில்தான் சொன்னேன். பேச்சு வழக்கில் அது வாயிலிருந்து வரவில்லை.

நண்பர் தலையணையில் சாய்ந்து சிரித்தார்.

"படுத்துக் கெடக்குறவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீக. தெரியும்ணே. இதைத் தின்னும் எனக்குப் பலிக்கலையேன்னு நான் வருத்தப்படுவேன்னு நெனச்சு, நானும் திங்கலேங்குறீக. நீங்க பொய் சொல்லத் தெரியாத ஆளு. முகத்துலயே தெரியுது."

"சாமி சத்தியமா இல்லை."

"சத்தியமெல்லாம் எதுக்குண்ணே? அந்தக் காலைப் பாத்தா தெரியாதா?"

முப்பத்தைந்து ஆண்டு நடையையும் நாற்பது ஆண்டு நிற்றலையும் நம்பாதவர், என் மெய்யையும் நம்பவில்லை. என் ஒரு தலையசைப்பை மட்டும் நம்பிவிட்டார். அதை அவரிடமிருந்து திரும்ப வாங்க என்னால் இயலவில்லை.

ஆனால் வாயிற்படியில் நின்றவர் நம்பினார்.

"அன்னைக்குக் கடையில நான் கேட்டேன்ல" என்றார். குரல் உயரவே இல்லை. "நெசமாவே சாப்பிடுறீகளான்னு கேட்டேன்ல."

"கேட்டீங்க."

"தலையை ஆட்டுனீகளே."

"ஆமா தங்கச்சி."

"ஆசுபத்திரியில அந்த டாக்டர் கேட்டப்பவும் ஒங்க பேரை நான் சொல்லலியே அண்ணே. தெரியாம சொல்லிட்டாக, பாவம், அவமானப்படுவாகன்னு சொல்லலியே."

எனக்கென்று கொண்டுவந்த காப்பியைக் கையில் வைத்தபடியே அவர் திரும்பி அடுக்களைக்குள் போனார். தொட்டியில் அதைக் கொட்டும் ஓசை கேட்டது. அந்த வீட்டில் எந்தப் பண்டத்தையும் கொட்டி நான் கண்டதில்லை.

"அண்ணனுக்குக் காப்பி எங்க?" என்று நண்பர் உள்ளே பார்த்துக் கேட்டார். "காது கேக்கல அவளுக்கு" என்று என்னிடம் சொன்னார்.

எழுந்தேன். மார்கழியில் அந்த அம்மாள் விழிப்போடு இருப்பார். மருந்தை இனி ஒருநாளும் விடவிடமாட்டார். எனக்குப் பதில் இனி வேறு யாரிடமாவது சீட்டைப் படிக்கக் கொடுப்பார். அவ்வளவு நன்மை என் உண்மையால் விளைந்தது. அது மார்கழியில் சொல்லியிருக்க வேண்டியது; ஆவணியில் சொன்னேன்.

நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து நண்பரின் குரல் வந்தது.

"அண்ணே, அடுத்த தடவை வரும்போது மறக்காம ஒரு டப்பா கொண்டாங்க. கையால குடுக்கணும்."

வீடு வரை நடந்தேன். கால்கள் வலிக்கவில்லை.